பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்

இறையியல் கல்லூரி விடுதி,
நத்தம் சாலை.
23 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிச்சை எழுதுவது. உனக்கும் அத்தானுக்கும், வயிற்றுக்குள் இருந்துகொண்டு உன்னை உதைக்கிற ஆளுக்கும் என் அன்பு. நான் சுகம். விடுதிச் சாம்பாரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிறுதோறும் வீடியோவில் கை வலிக்கப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். எல்லாம் மாதுரி அம்மாவின் உத்தரவு. பல வருஷம் சபைகளில் போதகராக இருந்துவிட்டு இங்கே பாடம் நடத்த வந்தவர். "படிச்சத மாசம் ஒரு தடவ வீட்ல ஒருத்தருக்குக் கையால எழுதுங்க. அவங்களுக்குப் புரியலேன்னா உங்களுக்கே புரியலேன்னு அர்த்தம்" என்று பலகையில் எழுதிவிட்டார். எனக்கு வீடு என்றால் நீதான். மாட்டிக்கொண்டாய்.

இங்கே சேர்ந்த முதல் வாரமே எல்லாருக்கும் சைகை மொழி வகுப்பு. எனக்காக மட்டும் இல்லை, எனக்கு முன்பும் காது கேளாதவர்கள் படித்திருக்கிறார்கள். சமையல்கார அண்ணன்கூட "சோறு போதுமா" என்று கையாலேயே கேட்கிறார். போதாது என்று சொன்னால்தான் அவருக்குப் புரிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வருஷம் ஒவ்வொருவரும் தன்னை வளர்த்த சபைக்குப் போய் ஒரு முழு ஆராதனை நடத்த வேண்டும். அதில் தேறினால்தான் போதகர் பணிக்குப் பேரைச் சிபாரிசு செய்வார்கள். எனக்குப் பிப்ரவரியில், நம் மட்டாஞ்சேரித் தமிழ்ச் சபையில். நான் கையால் பிரசங்கம் செய்வேன், நீ வாயால் சொல்ல வேண்டும். சின்ன வயதில் கடை கடையாகச் செய்தோமே, அதேதான். அப்போது உன் மடியில் என் மருமகளோ மருமகனோ இருக்கும். அழவிடாமல் பார்த்துக்கொள். அழுதாலும் எனக்குக் கேட்காது, உனக்குத்தான் கஷ்டம்.

தம்பி,
பிச்சை


கொச்சங்காடி,
மட்டாஞ்சேரி.
14 ஜூலை 2024

அன்புத் தம்பி பிச்சைக்கு,

அக்கா ரோஜா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் மூன்று பேரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் வேதப்புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

சுக்குக் கிடங்கில் என்னை மூட்டைப் பக்கமே விடுவதில்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்து சொத்தை பொறுக்குகிறேன். கூட வேலை பார்க்கிற பாக்கியலக்ஷ்மி அக்காதான் எனக்கு மாமியார் மாதிரி. சாயா குடிக்காதே, குனியாதே, நிமிராதே என்று நாளெல்லாம் ஓதுகிறாள். லாரி வந்து நின்றால் உள்ளே ஒரு உதை. உன்னை மாதிரி இல்லை, இதற்கு நன்றாகவே காது கேட்கிறது.

உன் அத்தானுக்கு ஆலுவாவில் கட்டட வேலை. சனிக்கிழமைதான் வருகிறார். வந்ததும் என்னை விசாரிப்பதில்லை, வயிற்றைத்தான் விசாரிக்கிறார். எட்டு வருஷம் கழித்து வந்தது, பேசட்டும்.

போதகர் ஐயாவிடம் பிப்ரவரி விஷயத்தைச் சொன்னேன். "அவன் நின்னு கைய ஆட்டினா சனங்க சிரிக்காதா ரோஜா?" என்றார். "இப்ப தூங்குறாங்களே ஐயா, அதுக்குச் சிரிக்கிறது தேவலாம்ல" என்றேன். கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆள் கெட்டவர் இல்லை. எதற்கும் வழக்கம் என்ன என்று பார்ப்பார், அவ்வளவுதான்.

பிள்ளையின் ஞானஸ்நானத்தை நீ வருகிற அந்த ஞாயிறுக்கே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் ஜெபம் பண்ணுவது நீயாக இருக்க வேண்டும்.

அக்கா,
ரோஜா


நத்தம் சாலை,
11 ஆகஸ்ட் 2024

என் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. போதகரை நீ மடக்கியதை வகுப்பில் சைகையில் நடித்துக் காட்டினேன். மாதுரி அம்மாவே சிரித்துவிட்டார். ஞானஸ்நானம் கொடுக்கிற அதிகாரம் எனக்கு இன்னும் இல்லை. தண்ணீரை அவர் தெளிக்கட்டும், ஜெபத்தை நான் பண்ணுகிறேன்.

இங்கே ஆலயத்தில் பெஞ்சு வரிசை கிடையாது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருக்கிறார்கள். பேசுகிறவர் முகமும் கையும் எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தொடங்கியது, இப்போது எல்லாருக்கும் அதுவே பிடித்துவிட்டது. பாட்டு நடத்துவது அதிதி. திருநங்கை. ஐந்து சபைகள் கதவைச் சாத்திய பிறகு இங்கே வந்தவள். அவள் மேளத்தைத் தட்டும்போது என் உள்ளங்கையை மேளத்தின் பக்கவாட்டில் வைக்கச் சொல்வாள். பாட்டு முழங்கை வரை ஏறும். கழிப்பறை கழுவுகிற முறை வந்தால் முதல்வரும் துடைப்பத்தோடு வந்து நிற்கிறார். "யாருக்கு இங்க இடமில்லேன்னு தெரிஞ்சிக்கத்தான் இந்தப் படிப்பு. தெரிஞ்சா இடம் போடணும்" என்று மாதுரி அம்மா சொல்வார்.

அக்டோபரில் பிரசவம் என்றாய். விடுமுறைக்கு மனுப் போட்டிருக்கிறேன்.

பிச்சை


நத்தம் சாலை,
29 செப்டம்பர் 2024

அக்கா,

சுகம்தானே? இரண்டு ஞாயிறாக நீ வீடியோவில் வரவில்லை. அத்தான் எண்ணுக்குச் செய்தி அனுப்பினால் "சுகம்" என்று ஒரு வார்த்தை வருகிறது. பிரசவம் முன்கூட்டியே வந்துவிட்டதா? மாமா ஆகிவிட்டேனா? ஒரு வரி போடு. மற்றதை நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பிச்சை


கொச்சங்காடி,
16 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். அத்தான் சுகம்.

போனில் கேமரா போய்விட்டது. அதனால் ஞாயிறு வர முடியவில்லை. கடிதம் போடு, போதும்.

இங்கே மழை விடவில்லை. சுக்கு காயவில்லை. கிடங்கில் வாசனை மாறிப் புளித்த மாதிரி இருக்கிறது. திரும்ப வேலைக்குப் போகிறேன். மூட்டைப் பக்கமும் போகிறேன். பாக்கியலக்ஷ்மி அக்கா கும்பளங்கியிலிருந்து கரிமீன் வாங்கி வந்தாள். குழம்பு வைத்தேன். புளி போட்டேனா என்று ஞாபகம் இல்லை. அத்தான் நன்றாக இருக்கிறது என்றார்.

நீ இப்போது வர வேண்டாம். விடுமுறையை வீணாக்காதே. பிப்ரவரியில் வந்தால் போதும்.

வேறு விசேஷம் இல்லை.

ரோஜா


ஆலுவா,
20 அக்டோபர் 2024

அன்பு மச்சினன் பிச்சைக்கு,

பாண்டியராஜன் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அக்கா எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அவள் எழுத மாட்டாள் என்பதால் நான் எழுதுகிறேன்.

பிள்ளை இல்லை. செப்டம்பரில், எட்டாம் மாதம், கிடங்கில் இருக்கும்போது "உதைக்கவே இல்லக்கா" என்று சொல்லியிருக்கிறாள். பாக்கியலக்ஷ்மி அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது. உள்ளேயே துடிப்பு நின்றிருந்தது. பெண் பிள்ளை. நர்ஸம்மா "சேட்டா, சேச்சிய காணிக்கண்டா, மனசு தாங்காது" என்றார். பிள்ளையை அவளுக்குக் காட்ட வேண்டாம் என்பதற்குச் சரி என்றேன். துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள்.

போதகரிடம் போனேன். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அடக்க ஆராதனை வழக்கம் இல்லை, கல்லறைத் தோட்டத்திலும் கொடுப்பதில்லை என்றார். என் தோளில் கை வைத்துத்தான் சொன்னார். என்னோடு வேலை பார்க்கிறவனுக்குக் கும்பளங்கியில் கொஞ்சம் நிலம் உண்டு. அங்கே தென்னைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஜெபம் ஒன்றும் இல்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் அழவில்லை. சமைக்கிறாள், துவைக்கிறாள், வேலைக்குப் போகிறாள். ஒன்றும் கேட்கவும் இல்லை. அது எனக்குப் பயமாக இருக்கிறது. போன் கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நீ முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான்.

தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

பாண்டியராஜன்


கொச்சங்காடி,
19 நவம்பர் 2024

தம்பிக்கு,

இங்கே சுகம். நீ போட்ட கடிதம் வந்தது. சமையல்கார அண்ணன் காலை ஒடித்துக்கொண்டதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். என்னை ஒன்றும் கேட்கவில்லை. சரி.

ஒன்று விசாரிக்க வேண்டும். எங்கள் கிடங்கில் ஓர் அக்கா இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அவள் சபையில் ஜெபம் பண்ணவில்லை. ஞானஸ்நானம் இல்லை, அதனால் கணக்கில் இல்லை. பெயரும் வைக்கவில்லை. ஜனங்கள் வந்து "போட்டும், அடுத்தது வரும்" என்று சொல்லிச் சாயா குடித்துவிட்டுப் போனார்கள்.

எல்லாருக்கும் இடம் உண்டு என்று உங்கள் கல்லூரியில் படிப்பிக்கிறார்களே. இப்படிப் போன பிள்ளைக்கு என்ன சொல்வார்கள்? அந்த அக்கா கேட்கச் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன். அவசரம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரோஜா


நத்தம் சாலை,
1 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றே அந்த அக்காவின் பிள்ளைக்காக ஒரு ஜெபம் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்ற திமிரோடு மாதுரி அம்மாவிடம் காட்டினேன். அவர் படிக்கவே இல்லை. தாளைத் திருப்பி வைத்து, "அந்த அம்மாகிட்ட கேட்டியா?" என்று கையால் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இது உன் ஜெபம். அவளுக்கு என்னத்துக்கு?" என்றார். முகம் சுண்டிப் போய் வெளியே வந்தேன்.

எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு முறை இருக்கிறது. யாருக்காக ஜெபமோ அவரிடம் முதலில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். என்ன சொல்ல வேண்டும்? என்ன சொல்லக் கூடாது? அதற்குப் பிறகுதான் பேனாவைத் தொடலாம். வழக்கத்தைப் பற்றியும் கேட்டேன். "அத எழுதி வச்சவங்க யாரும் பிள்ள பெத்தவங்க இல்ல" என்றார். அவர் தாய்மார்கள் சொல்லக் கேட்டுச் சில பிள்ளைகளுக்கு அடக்க ஜெபம் நடத்தியிருக்கிறாராம். ஒரு சபையில் அதற்காக விசாரணையும் வைத்தார்களாம்.

அதனால் அந்த அக்காவிடம் இரண்டையும் கேட்டு எழுது.

பெயர் வைக்கவில்லை என்றாய். எங்களில் ஒரு பழக்கம் உனக்குத் தெரியும். காது கேளாத ஒருவர் பார்த்துக் கையால் வைக்கிற பெயர்தான் எங்களுக்குள் பெயர். மூக்கோ, மச்சமோ, நடையோ, முகத்தில் நின்றதைப் பார்த்து வைப்போம். தாளில் ஆயிரம் பெயர் இருந்தாலும் அதுதான் நிற்கும். அந்த அக்காவுக்குச் சம்மதம் என்றால் அந்தப் பிள்ளைக்கு நான் வைக்கிறேன். நான் பார்த்ததில்லை, அதனால் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். பிள்ளை எப்படி இருந்தது என்று கேள்.

நீ சாப்பிடு அக்கா.

பிச்சை


கொச்சங்காடி,
22 டிசம்பர் 2024

தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. நட்சத்திரம் கட்டவில்லை. பக்கத்து வீட்டு வெளிச்சமே இங்கே போதுமானதாக இருக்கிறது.

அந்த அக்காவிடம் கேட்டேன். ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று சொல்லக் கூடாதாம். அடுத்தது வரும் என்று சொல்லக் கூடாதாம். பொறுமையாயிரு என்றும் வேண்டாமாம். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு அவளுக்குத் தெரியவில்லை. இருந்தது என்று சொன்னால் போதும் என்றாள்.

பிள்ளை எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. காட்டவில்லை. அவள் புருஷன்தான் பார்த்தான். அவன் சொல்வதில்லை, அவள் கேட்பதில்லை. இரண்டு பேரும் ஒரே தட்டிலிருந்து மீன் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். ஆகவே பெயர் வைக்க முடியாது. விட்டுவிடு.

கமிட்டியில் உன் ஆராதனைக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஆனால் நான் உன் கூட நின்று பேச முடியாது பிச்சை. வேறு ஆளைப் பார். கையைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது போல இருக்கிறது. பாட்டு நேரத்தில்கூட வாய் திறப்பதில்லை. வருத்தம் என்று சொல்ல முடியாது. ஒன்றுமே இல்லை. கிள்ளினால்கூட வேறு யாரையோ கிள்ளுகிற மாதிரி.

ரோஜா


நத்தம் சாலை,
6 ஜனவரி 2025

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

பிச்சை எழுதுவது. சுகம் விசாரித்து எழுத வேண்டும், இப்போது முடியவில்லை.

நீங்கள் சொன்னபடி நான் அக்காவிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. யாரோ ஓர் அக்கா என்று அவள் எழுதுகிறாள். அந்த அக்கா என்று நானும் எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவளைத் தனியாக விட்டிருக்கிறோம்.

பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். அது எப்படி இருந்தது என்று எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் கோபப்படுவேன். அவளிடம் சொல்லுங்கள். அவளுக்குத் தாங்காது என்று நர்ஸ் சொன்னார், வழக்கம் இல்லை என்று போதகர் சொன்னார், நீங்களும் சரி என்றீர்கள். அவளை ஒருவரும் கேட்கவில்லையே அத்தான்.

எனக்கு ஆராதனையில் தேறுவதும் தேறாததும் இரண்டாம் பட்சம். என் அக்கா எனக்கு வேண்டும்.

உங்கள்,
பிச்சை


கொச்சங்காடி,
3 பிப்ரவரி 2025

என் பிச்சைக்கு,

உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். சமையல்காரர் கால் ஒடிந்ததை அத்தனை பக்கம் எழுதியபோதே தெரிந்துவிட்டது. இனி அந்த அக்கா கிடையாது. நான்தான்.

சனிக்கிழமை அத்தான் வந்தார். கப்பைக்கிழங்கும் மீனும் வைத்தேன். தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். சிமென்ட் இன்னும் கையில் இருந்தது. "ரோஜா, அவ உன்ன மாதிரி" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. "முடி நிறைய இருந்திச்சு. ஈரமா நெத்தியில ஒட்டிக் கெடந்திச்சு. கீழுதட்ட உள்ள மடிச்சி வச்சிருந்தா. கோவத்துல நீ வைப்பல்லா, அது மாதிரி."

"எம்மேல கோவமா?" என்றேன்.

"இல்ல புள்ள. தூங்குறவங்க கோவம்" என்றார்.

பிறகு, அன்று கும்பளங்கிக்குப் பஸ்ஸில் போகும்போது துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டே போனதாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா "மோளாணோ?" என்று கேட்டதற்கு ஆமாம், மகள்தான், தூங்குகிறாள் என்றாராம். அந்த அம்மா இறங்கும் வரை சத்தமில்லாமல் இருந்தாளாம், பிள்ளை எழுந்துவிடும் என்று.

நான் அழுதேன் பிச்சை. அவரும் அழுதார். அழுது முடித்தபோது எனக்குப் பசித்தது. ஆறிப் போன கப்பையை இரண்டு பேரும் சாப்பிட்டோம். பசித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. ருசி தெரிந்ததற்கு அதைவிட வெட்கமாக இருந்தது.

ஞாயிறு பதினாறாம் தேதி உன்னோடு நிற்கிறேன். பிரசங்கம் முழுவதும் வாயால் சொல்வேன். ஆனால் அவளுக்கான ஜெபத்தை நான் சத்தமாகச் சொல்ல மாட்டேன். நீ கையால் பண்ணு. கேட்க வேண்டியவர்கள் இத்தனை நாளில் கேட்டிருக்கலாம். இனி பார்க்கட்டும்.

கரிமீன் வாங்கி வைக்கிறேன். புளி போடுகிறேன்.

அக்கா,
ரோஜா


ஆலுவா,
23 பிப்ரவரி 2025

அன்பு மச்சினனுக்கு,

நீ நல்லபடி போய்ச் சேர்ந்ததாக அக்கா சொன்னாள். ஆராதனையில் தேறிவிட்டாய் என்றும் சொன்னாள். சந்தோஷம். நாங்கள் சுகம். அவள் சுகம் என்று முழுதாகச் சொல்ல முடியாது. சில நாள் பேசுகிறாள். சில நாள் பழையபடி சுவரைப் பார்க்கிறாள். ஞாயிறு வீடியோவில் நீயே பார்த்துக்கொள்வாய்.

நீ அறியாத ஒன்று எழுத வேண்டும். அன்று நீ ஜெபம் பண்ணும்போது அக்கா வாயை மூடிக்கொண்டு உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள் அல்லவா. சனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. போதகர் ஐயா என் பக்கம் குனிந்து "என்னப்பா சொல்றான்?" என்று கேட்டார். நான் "எம் மகளுக்கு ஜெபம் பண்றான் ஐயா" என்றேன். மகள் என்று வெளியாள் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது, பஸ்ஸில் அந்த அம்மாவிடம் சொன்னதற்குப் பிறகு அப்போதுதான். அவர் எழுந்து நின்றார். அவர் நிற்பதைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள்.

கடைசியில் நீ அவளுக்குப் பெயர் வைத்தாய். அக்கா உடனே அதைத் திருப்பிச் செய்து காட்டினாள். சிரித்தாள், அழுதாள். அது பெயர் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் முன்னால் நின்றவர்கள் மறைத்ததில் சரியாகப் பார்க்கவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் உன் பாஷையில் சோறு, தண்ணீர், வா, போ தாண்டி நான் ஒன்றும் படிக்கவில்லை. அக்காவிடம் கேட்கலாம். கேட்டால் அவள் மறுபடி அழுவாளோ என்று இருக்கிறது.

நேற்று வேலை முடிந்து கும்பளங்கிக்குத் தனியாகப் போனேன். தென்னைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்து பார்த்தேன். கீழுதட்டில் விரலை வைத்து உள்ளே மடிக்கிறாய். அது சுட்டுவிரலா, கட்டைவிரலா? அதன் பிறகு கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்தாயா, கன்னத்துக்கா? சிமென்ட் தின்ற விரல், சரியாக மடங்கவும் இல்லை.

எப்படி என்று படம் போட்டு அனுப்பு. தப்பான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று அவளுக்குத் தோன்றும்.

பாண்டியராஜன்